பருத்திச் சீருடையும் உறைபனியும்: படைவீரர் நினைவுகளை வாசிப்பது குறித்து

போர்களின் வரலாறு பெரும்பாலும் வரைபடங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. எந்தப் படைப்பிரிவு எந்த முகட்டில் நின்றது, எந்த நாளில் பின்வாங்கியது, ஆணை யாரிடமிருந்து வந்தது என்பனவெல்லாம் அதில் துல்லியமாகப் பதிவாகியிருக்கும். அந்த முகட்டில் நின்றவன் காலில் என்ன அணிந்திருந்தான், கடைசியாக எப்போது உண்டான், குடிநீருக்காகப் பனிக்கட்டியை எப்படி உருக்கினான் என்பவை அதில் இரா. ஆனால் போரிலிருந்து மீண்டவர்களின் நினைவுக்குறிப்புகளையும் நேர்காணல்களையும் தொடர்ந்து வாசிப்பவர் ஒன்றைக் கவனிப்பார்: அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தச் சிறு விவரங்களைத்தான். இவற்றை ஆய்வுலகம் வரலாற்றின் ஓர அலங்காரமாகக் கொள்கிறதா, சான்றாகக் கொள்கிறதா என்பது இன்றும் தீராத கேள்வி. 1962 ஆம் ஆண்டின் இந்திய-சீனப் போர் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களம்.

காரணம் எளிது. அந்தத் தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பி. எஸ். பகத் ஆகிய இருவரும் தயாரித்த அறிக்கை 1963இல் அரசிடம் அளிக்கப்பட்டது. அதை அரசு அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதி, பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் வழியாக 2014இல் இணையத்தில் வெளிவந்தது. ஆவணக் காப்பகத்தின் கதவு அடைபட்டிருக்கும் இடத்தில், மனிதர்களின் நினைவே முதன்மைச் சான்றாகிறது. இந்திய ராணுவ வரலாற்றில் இவ்வளவு பெரிய நிகழ்வு ஒன்று, அதில் பங்கேற்றோரின் சொந்தச் சொற்களை இவ்வளவு நம்பியிருப்பது அரிது.

அந்தச் சொற்கள் தம்முள் ஒத்துப்போகின்றனவா? அன்றைய வடகிழக்கு எல்லைப்புற முகமையில், தக்லா முகட்டின் அடிவாரத்தில் ஓடும் நம்கா சூ ஆற்றங்கரையில், 1962 அக்டோபர் 20 அதிகாலையில் சீனப்படை தாக்கியது. அங்கிருந்த 7ஆவது பிரிகேட் சில மணி நேரத்தில் சிதறியது. அந்தப் படை அடுக்கின் மூன்று நிலைகளில் இருந்த மூவரும் பின்னாளில் நூல் எழுதினர். கோர் தளபதி பி. எம். கௌல் எழுதிய ‘தி அன்டோல்ட் ஸ்டோரி’ 1967இல் வந்தது. பிரிகேட் தளபதி ஜான் தல்வி எழுதிய ‘ஹிமாலயன் பிளண்டர்’ 1969இல் வந்தது. இருவருக்கும் இடையில் டிவிஷன் தளபதியாக இருந்த நிரஞ்சன் பிரசாத் எழுதிய ‘தி ஃபால் ஆஃப் தவாங்’ 1981இல் வெளியானது. மூன்றும் தன்விளக்க நூல்களே. யார் எச்சரித்தார், யார் கேட்கவில்லை, யார் ஆணையிட்டார், யார் தடுத்திருக்கலாம் என்பவற்றில் மூன்றும் மூன்று திசையில் செல்கின்றன. பழியைப் பங்கிடும் இடங்களில் எந்த நூலையும் தனித்து நம்ப முடியாது. இவற்றை எச்சரிக்கையுடன் வாசிக்க வேண்டும் என்று வரலாற்று மாணவருக்குக் கற்பிக்கப்படுவது சரியே.

ஆனால் பழியைப் பற்றிய பக்கங்களை ஒதுக்கிவிட்டு, உடலைப் பற்றிய பக்கங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தால் நிலைமை மாறுகிறது. வீரர்களில் பெரும்பாலோர் கோடைக்குரிய பருத்திச் சீருடையிலேயே இமயமலையின் அக்டோபர்க் குளிருக்குள் அனுப்பப்பட்டனர். பதுங்குகுழி தோண்டப் போதிய கருவிகள் இல்லை. முள்கம்பியும் கண்ணிவெடியும் வந்து சேரவில்லை. தோட்டாக்கள் ஒவ்வொருவரும் இடுப்புப் பையில் சுமந்து வந்த அளவே. சாங்தார் என்ற இடத்தில் விமானங்கள் வீசிய பொருள்களில் பல, குறி தவறிப் பள்ளத்தாக்குகளில் விழுந்து காணாமற்போயின. ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டும் தளபதிகள் கூட, வீரர்களின் இந்த இல்லாமையைப் பற்றி ஒரே சித்திரத்தைத்தான் தருகிறார்கள். முரண்பட்ட நோக்கங்கள் கொண்ட சாட்சிகள் ஒரு விவரத்தில் உடன்படும்போது அந்த விவரத்தின் மதிப்பு கூடுகிறது. நீதிமன்றங்களும் இவ்வாறே கருதுகின்றன. ‘நினைவுகள் நம்பத்தகாதவை’ என்ற பொதுக்கூற்று இங்கே போதாது. நினைவின் எந்தப் பகுதி, எதைப் பற்றி, யாருடைய நலனைத் தொட்டு என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பருத்திச் சீருடையைப் பற்றி எழுதிய மூவரும் உயரதிகாரிகள். முன்வரிசைப் பதுங்குகுழியில் அந்தச் சீருடையோடு இரவைக் கழித்தவர்கள் பெரும்பாலும் நூல் எழுதவில்லை. அன்று நம்கா சூவில் 2ஆவது ராஜபுத்திர பட்டாலியன் மட்டும் ஏறத்தாழ 280 பேரை இழந்தது. அவர்களுடைய குளிர், மற்றொருவருடைய வாக்கியத்திற்குள் அடங்கித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இது 1962இல் தோன்றிய சிக்கல் அன்று. முதல் உலகப்போரில் பதின்மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் பணியாற்றினர். 1914இன் இறுதியில் பிரான்சின் சேற்றுக்குழிகளுக்குச் சென்றவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படித்துப் பார்க்க ஒரு தணிக்கை அலுவலகம் அமைந்தது. பல வீரர்களுக்கு எழுதத் தெரியாது; அவர்கள் சொல்ல, எழுத்தறிந்த தோழர் எழுதினார். தணிக்கையாளர் அதில் தமக்கு முக்கியம் எனப்பட்டதைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. மொழிபெயர்த்த பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து தேர்ந்த ஒரு தொகுப்பை டேவிட் ஒமிசி 1999இல் பதிப்பித்தார். ஆக, இன்று ஆய்வாளர் கையில் இருப்பது வீரரின் குரல் என்று நேராகச் சொல்லிவிட முடியாத ஒன்று. வீரர் சொன்னதை ஒருவர் எழுதி, மற்றொருவர் தேர்ந்து, வேறொரு மொழியில் தந்தது அது.

அப்படியிருந்தும் அந்தக் குரல் முற்றாக அழியவில்லை. கடிதம் படிக்கப்படுகிறது என்பது வீரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர்கள் மறைமொழியை உண்டாக்கிக்கொண்டனர். இந்திய வீரரைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளை வீரரைச் சிவப்பு மிளகு என்றும் குறித்து, எந்த மிளகு தீர்ந்துவருகிறது என்று வீட்டுக்குத் தெரிவித்தனர். தணிக்கையாளர் அதைப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதைக் குறித்தும் வைத்தார். அதனால்தான் இன்று அது தெரிகிறது. துன்பத்தை நேரடியாகச் சொல்ல இயலாத நிலையே அந்தத் துன்பத்தின் ஒரு பகுதி என்பதை இந்த மிளகுக் கணக்கு காட்டுகிறது. வீரர் நினைவை வாசிப்பவர், சொன்னதோடு சேர்த்து, எந்த நெருக்கடிக்குள் அது சொல்லப்பட்டது என்பதையும் வாசிக்க வேண்டும்.

அதே போரில், தணிக்கை கடவாமல் தப்பிய அரிய பதிவு ஒன்று வங்க மொழியில் உண்டு. சிசிர் பிரசாத் சர்வாதிகாரி, வங்காள ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து மெசப்பொடேமியாவுக்குச் சென்ற தொண்டர். இன்றைய ஈராக்கின் கூட் நகரில் துருக்கியப் படை 1915 டிசம்பரில் தொடங்கிய முற்றுகை 147 நாள் நீடித்தது. உணவு தீர்ந்தபோது குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அறுத்தனர். இந்திய வீரர் பலர் சமயக் காரணத்தால் அந்த இறைச்சியை மறுத்தனர். அதற்கு அனுமதி தரும்படி இந்தியாவிலுள்ள சமயத் தலைவர்களை அணுகி இசைவு பெற்ற பின்பும் பலரின் தயக்கம் நீங்கவில்லை. சத்துக்குறைவால் ஸ்கர்வி நோய் பரவியது. 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். சாதாரண வீரர்கள் பாலைவனத்தின் வழியே நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் இறந்தோர் மிகப் பலர்.

சர்வாதிகாரி அந்த நடையில் இருந்தவர். தம் நாட்குறிப்பின் தாள்களைக் கிழித்துக் காலணிக்குள் ஒளித்து வைத்து அவற்றைக் காப்பாற்றினார். அவற்றிலிருந்து உருவான ‘அபி லே பாக்தாத்’ என்னும் நூல் நாற்பதாண்டுக்கும் மேல் கழித்து, 1950களின் இறுதியில்தான் அச்சேறியது. அந்நூலின் தனிச்சிறப்பு, துன்புற்றவர் தம் துன்பத்திற்குள் மூழ்கிவிடாமல் பக்கத்தில் நின்றவரையும் கண்டதில் இருக்கிறது. ராஸ் அல்-அய்ன், அலெப்போ ஆகிய இடங்களின் மருத்துவமனைகளில் கைதியாகவே பணிபுரிந்த அவர், ஆர்மீனியருக்கு நேர்ந்த அழிவின் எச்சங்களைக் கண்டார். தம்மைக் காவல் காத்த துருக்கியச் சிப்பாய்களின் வறுமையையும் கண்டார். கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு தொண்டர் ஒட்டோமன் பேரரசின் இறுதி நாள்களுக்குச் சாட்சியானார் என்பதை எந்தப் படைத்தலைமையின் கோப்பும் குறித்து வைக்கவில்லை. தணிக்கையாளர் கைக்குச் செல்லும் கடிதத்திற்கும், எவருக்கும் தெரியாமல் காலணிக்குள் பயணம் செய்த தாளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வரலாற்று முறையியல் வகுப்புக்குப் போதிய பாடம்.

எழுதத் தெரிந்தவருக்கு நாட்குறிப்பு உண்டு. எழுதாதவருக்கு வாய்ச்சொல் மட்டுமே உண்டு. அதைக் கேட்பவர் நம்பவும் வேண்டும். மீண்டும் 1962க்கு வந்தால், நம்பப்படாமற்போன வாய்ச்சொல்லின் கதையாக ரெசாங் லா நிற்கிறது.

லடாக்கின் சுஷூல் பகுதியில், 16,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள கணவாய் அது. அவ்வுயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் அங்கே நின்றது 13ஆவது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. ஏறத்தாழ 120 பேர். பெரும்பாலோர் இன்றைய ஹரியானாவின் ரேவாரி, மகேந்திரகர் வட்டாரங்களைச் சேர்ந்த அஹிர் உழவர் குடும்பத்தினர். சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள். கையில் இருந்தவை பழைய .303 துப்பாக்கிகள். இடையில் ஒரு மலைமுகடு மறித்ததால் இந்தியப் பீரங்கிகள் அவர்களுக்குத் துணை செய்ய இயலவில்லை. நவம்பர் 18 அதிகாலையில் தாக்குதல் தொடங்கியது. கம்பெனியில் 110 பேருக்கும் மேல் மாண்டனர். மேஜரும் மாண்டார். கைதானோர், காயத்தோடு கீழே வந்து சேர்ந்தோர் என மிகச் சிலரே எஞ்சினர்.

அந்தச் சிலர் நடந்ததைச் சொன்னார்கள். கடைசித் தோட்டா வரை சண்டை நடந்தது, தோட்டா தீர்ந்த பின் கைகலப்பும் நடந்தது, எவரும் இடத்தை விட்டு அகலவில்லை என்றார்கள். அது நம்பப்படவில்லை. ஒரு கம்பெனி முழுவதும் அப்படி நின்று மாண்டிருக்க முடியாது, தப்பி வந்தவர்கள் தம்மைக் காக்கக் கதை சொல்கிறார்கள் என்ற ஐயம் நிலவியது. ஊரிலும் தாங்கள் ஓடி வந்தவர்களாகவே பார்க்கப்பட்டதாக அவர்களில் சிலர் பிற்காலத்தில் கூறியுள்ளனர்.

1963 பிப்ரவரியில், பனி சற்றே விலகியபோது, அப்பகுதி மேய்ப்பர் ஒருவர் அந்தக் கணவாய்க்குச் சென்றார். அவர் தந்த தகவலின் பேரில் சென்ற குழு, வீரர்களின் உடல்களை அவரவர் பதுங்குகுழிகளிலேயே கண்டது. உறைந்த கைகளில் ஆயுதம் இருந்தது. குண்டுகள் பெரும்பாலும் தீர்ந்திருந்தன. உயிரோடு வந்தவர் சொல்லியும் ஏற்கப்படாத செய்தியை, மூன்று மாதம் பனியில் கிடந்த உடல்கள் மெய்ப்பித்தன. ஷைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. கம்பெனியைச் சேர்ந்த பலருக்கு வீர் சக்ரா கிடைத்தது.

இக்கதை வழக்கமாக வீரத்தின் கதையாகச் சொல்லப்படுகிறது, அது உரியதே. சாட்சியத்தின் கதையாகவும் அதைச் சொல்ல வேண்டும். தளபதிகளின் நூல்கள் ஒன்றையொன்று மறுத்தும், மூன்றும் சான்றாதாரமாக அடிக்குறிப்புகளில் இடம்பெறுகின்றன. சிப்பாய்களின் சொல்லோ, தோழர்களின் பிணங்கள் வந்து சாட்சி சொல்லும் வரை வதந்தியாகவே இருந்தது. யாரிடம் எவ்வளவு சான்று கேட்கப்படுகிறது என்பது படிநிலையைப் பொறுத்து மாறுகிறது. அந்தப் பனி அந்த ஆண்டு உருகாமல் இருந்திருந்தால், அல்லது மேய்ப்பர் வேறு வழியில் சென்றிருந்தால், அவர்களுடைய சொல் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்புதல் என்றால் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் எழுத்துப்படி ஏற்றல் என்று பொருளன்று. ரெசாங் லாவிலிருந்து மீண்ட ஒருவர், காயமுற்ற மேஜரைத் தாம் சுமந்து சென்றதைப் பல நேர்காணல்களில் விவரித்திருக்கிறார். மேஜரின் கைக்கடிகாரம் நாடித்துடிப்பால் இயங்குவது என்றும், அது இரவு எட்டேகால் மணிக்கு நின்றது என்றும், அப்போதே அவர் உயிர் பிரிந்ததை உணர்ந்ததாகவும் அதில் வருகிறது. நாடியால் ஓடும் கைக்கடிகாரம் அன்று இல்லை. கையசைவால் முறுக்கேறும் தானியங்கிக் கடிகாரங்கள் இருந்தன; அவையும் கை அசைவற்றுப்போன உடனே நிற்பவை அல்ல. ஓர் ஆய்வாளர் இந்த இடத்தில் ‘பிழையான தகவல்’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அவ்வாறு நகர்ந்தால் அந்தச் சாட்சியத்தின் மிக உண்மையான பகுதி தவறிப்போகும். இருட்டில், உறைபனியில், மருத்துவர் இல்லாத இடத்தில், தாம் சுமந்துவந்த மனிதர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்று ஒருவர் கைமணிக்கட்டைப் பற்றிப் பற்றிப் பார்த்திருக்கிறார். அங்கே நாடியும் கடிகாரமும் ஒன்றாக இருந்தன. ஐம்பதாண்டுக்குப் பின்னும் அவை ஒன்றாகவே நினைவில் நிற்கின்றன. கடிகாரத்தின் இயந்திரம் பற்றி அவர் சொன்னது பிழையாக இருக்கலாம். அந்த மணிக்கட்டை அவர் எவ்வளவு நேரம் பற்றியிருந்தார் என்பதற்கு அந்தப் பிழையே சான்று. வாய்மொழி வரலாற்றில் தவறுகளைத் திருத்துவதோடு, தவறு எதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது என்று கேட்பதும் ஆய்வாளரின் கடமை.

போர் முடிந்த பின்னும் துன்பம் முடிவதில்லை என்பதையும் இத்தகைய பதிவுகளே சொல்கின்றன. 1962இல் ஏறத்தாழ 4,000 இந்தியர் போர்க் கைதிகளாயினர். தல்வி அக்டோபர் 22 அன்று பிடிபட்டு, 1963 மே மாதத்தில்தான் விடுவிக்கப்பட்டார். திரும்பி வந்த அதிகாரிகளை ராஞ்சியில் வைத்து விசாரித்தனர். சிறையிலிருந்து தாய்நாட்டுக்கு வந்தவர், தாய்நாட்டின் கேள்விகளுக்கு முன் அமர வேண்டியிருந்தது. நம்கா சூவில் சிறைப்பட்ட மற்றோர் அதிகாரியான கே. கே. திவாரி பிற்காலத்தில் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்று ஆரோவில்லில் குடியமர்ந்தார். அவர் எழுதிய நினைவுக்குறிப்பில் சிறைவாசம் ஓர் ஆன்மிகத் தேடலின் கட்டமாக உருமாறுகிறது. தல்வியிடம் சினமாக வெளிப்படுவது திவாரியிடம் தேடலாக வெளிப்படுகிறது. ஒரே ஆற்றங்கரையில் பிடிபட்ட இருவர் தம் துன்பத்திற்கு இவ்வளவு வேறுபட்ட வடிவம் தந்தனர் என்பதே, ‘படைவீரரின் அனுபவம்’ என்று ஒருமையில் பேசுவதற்கு எதிரான வாதம்.

இன்னும் குரலே கிட்டாதவர்கள் உண்டு. கூட் முற்றுகையில் கழுதை ஓட்டியவர்கள், நீர் சுமந்தவர்கள், துப்புரவு செய்தவர்கள் படையின் ‘பின்தொடர்வோர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கினர். நம்கா சூவுக்கு மூட்டை தூக்கிய சுமைகாரர்கள் எந்த நினைவுக்குறிப்பையும் விட்டுச் செல்லவில்லை. ஊரில் தந்தியை எதிர்பார்த்திருந்த பெண்களின் குளிர்காலம் எந்தத் தொகுப்பிலும் இல்லை. படைவீரர் நினைவுகள் அதிகார வரலாற்றின் இடைவெளியை நிரப்புவது உண்மை. அந்த நினைவுகளுக்குள்ளும் இடைவெளி உண்டு என்பதும் உண்மை.

1962இல் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். 1971 போரில் நின்றவர்களும் எழுபதைத் தாண்டிவிட்டனர். வரலாறு, சமூகவியல், இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு இதற்கெனப் பெரிய நிதியோ தொலைதூரப் பயணமோ வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஓய்வூதியச் சான்றுக்காக அங்கே வந்து அமர்ந்திருப்போரில் இன்னும் எவராலும் கேட்கப்படாதவர்கள் இருப்பார்கள். அவர் பேச இசைந்தால் அவர் மொழியிலேயே பேசவிட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே பதிவு செய்ய வேண்டும். சொல்ல மறுப்பதை வற்புறுத்திக் கேட்கலாகாது. வீரச்செயல் எது என்று கேட்டால், பலமுறை மேடையில் சொல்லிப் பழகிய விடையே வரக்கூடும். காலணி எத்தகையது, குடிநீர் எங்கிருந்து வந்தது, இரவில் பக்கத்தில் யார் இருந்தார், வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில் எதை எழுதாமல் விட்டார் என்று கேட்கலாம். விடை வரும் வரை காத்திருக்கலாம்.